‘சீனியர்’ பக்கத்தில் ஏன் ‘டூ’ தெரியுமா?

போட்டித் தேர்வுக்குத் தயாராகிற யார் மேசையிலும் ஒரு ‘ரென் அண்ட் மார்ட்டின்’ ஆங்கில இலக்கணப் புத்தகம் கிடக்கும். அண்ணன் படித்து, அக்கா படித்து, அட்டை பிய்ந்து, பாதிப் பயிற்சிகளில் பென்சில் விடையோடு கைக்கு வந்திருக்கும். அந்த ரென் யார் தெரியுமா? பாலைவனக் கோட்டையில் பிரெஞ்சு அயல்நாட்டுப் படை சண்டை போடும் சாகச நாவலை எழுதியவர்! நாவலின் பெயர் ‘போ ஜெஸ்ட்’. 1924-இல் வந்து சக்கைப்போடு போட்டது. 1926-இல் மௌனப் படமாக எடுத்தார்கள்; 1939-இல் கேரி கூப்பரை வைத்து மறுபடி எடுத்தார்கள். பெர்சிவல் கிறிஸ்டோபர் ரென் அதற்கு முன்பு பம்பாய் மாகாணக் கல்வித்துறையில் வேலை பார்த்தவர். ஹாலிவுட் வரை போன அந்த நாவலை இன்றைக்கு எத்தனை பேர் படிக்கிறார்கள்? இலக்கணப் புத்தகமோ நம் ஊர் பழைய புத்தகக் கடைகளில் இன்னும் கைமாறிக்கொண்டே இருக்கிறது.

இன்னொன்று கேளுங்கள். இங்கிலாந்துப் பள்ளிப் பிள்ளைகளைப் பல தலைமுறைக்கு ஆட்டிவைத்த இலக்கண நூலை எழுதியவர் ஆங்கிலேயரே இல்லை! லிண்ட்லி மர்ரே ஓர் அமெரிக்கர். நியூயார்க்கில் வக்கீலாக இருந்து, இங்கிலாந்தின் யார்க் நகரத்துப் பக்கம் குடியேறியவர். அங்கே ஒரு குவேக்கர் பெண்கள் பள்ளி. ஆசிரியைகள் கேட்டுக்கொண்டதால் 1795-இல் எழுதிக் கொடுத்தார். அது லட்சக்கணக்கில் விற்றுத் தீர்ந்தது.

அகராதி? அது இன்னும் வேடிக்கை. நம் பிள்ளைகள் புரட்டும் ‘ஆக்ஸ்ஃபோர்ட் அட்வான்ஸ்டு லேர்னர்ஸ்’ முதலில் அச்சானது ஆக்ஸ்ஃபோர்டில் அல்ல, டோக்கியோவில்! ஜப்பானில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த ஏ.எஸ். ஹார்ன்பியும் அவருடைய சகாக்களும் தொகுத்தது. 1942-இல், உலகப்போர் நடுவில், வேறு பெயரில் வந்தது. எந்தப் பெயர்ச்சொல்லை எண்ணலாம், எதை எண்ணக்கூடாது என்று அதில் குறித்திருந்தார்கள். ‘ஃபர்னிச்சர்ஸ்’, ‘அட்வைசஸ்’, ‘இன்ஃபர்மேஷன்ஸ்’ என்று எழுதி அரை மதிப்பெண் இழக்கிற நமக்கு வேண்டிய குறிப்பு அதுதானே!

சரி, விதிகளுக்கு வருவோம். பயிற்சி மையத்தில் ‘இது இப்படித்தான், மனப்பாடம் பண்ணு’ என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். ஆனால் பல விதிகளுக்குக் காரணம் உண்டு. காரணம் தெரிந்த விதி தேர்வு அறையில் மறக்காது என்பது என் கட்சி.

‘ஹீ இஸ் டாலர் தேன் மீ’ என்கிறோம். ‘ஹீ இஸ் சீனியர் தேன் மீ’ என்றால் மட்டும் தப்பு. ‘சீனியர் டூ மீ’ என்று எழுத வேண்டும். ஏன் தெரியுமா? சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர், பிரையர் எல்லாம் லத்தீனிலிருந்து வந்த ஒப்பீட்டுச் சொற்கள். கடைசியில் ஒலிக்கிற அந்த ‘இயர்’தான் லத்தீனின் ‘இன்னும் அதிக’ என்கிற விகுதி. ஆங்கிலத்தில் அவை ‘தேன்’ பக்கம் போகாமல் ‘டூ’வைப் பிடித்துக்கொண்டன. அந்த லத்தீன் விகுதியில் முடிந்தால் ‘டூ’. அவ்வளவுதான், பட்டியல் தேவையில்லை!

‘நோ சூனர்’ வந்தால் ‘தேன்’, ‘ஹார்ட்லி’ வந்தால் ‘வென்’. எஸ்.எஸ்.சி. வினாத்தாள்களில் திரும்பத் திரும்பத் தலைகாட்டும் ஜோடி இது. இதிலும் மந்திரம் இல்லை. ‘சூனர்’ என்பதே ஒப்பீட்டுச் சொல். ‘டாலர்’, ‘பிக்கர்’ போல அதற்கும் ‘தேன்’தான் துணை. ‘ஹார்ட்லி’ ஒப்பீடு அல்ல, அதனால் ‘வென்’. அது சரி, ‘நோ சூனர் ஹேட் ஐ’ என்று வினை ஏன் எழுவாய்க்கு முன்னால் பாய்கிறது? ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆங்கிலத்தில், வாக்கியத்தின் தொடக்கத்தில் வேறு சொல் வந்து உட்கார்ந்தால், வினை அடிக்கடி இரண்டாம் இடத்துக்கு ஓடிவந்துவிடும். ஜெர்மன் மொழியில் இன்றைக்கும் அதுதான் சட்டம். ஆங்கிலம் அந்தப் பழக்கத்தை ஏறக்குறைய விட்டுவிட்டது. ‘நோ சூனர்’, ‘நெவர்’, ‘செல்டம்’ மாதிரி சில இடங்களில் மட்டும் விடவில்லை. அந்தச் சில இடங்களைத்தான் வினாத்தாள் தயாரிப்பவர்கள் குறிவைக்கிறார்கள்.

‘ஏப்ரன்’ என்பது ஒரு காலத்தில் ‘நேப்ரன்’ என்று தெரியுமா? ‘எ நேப்ரன்’ என்று சொல்லிச் சொல்லி, நடுவில் இருந்த ‘ந்’ முன்னால் ஒட்டிக்கொண்டு ‘அன் ஏப்ரன்’ ஆனது! ‘நிக்நேம்’ இதற்குத் தலைகீழ்: ‘அன் ஈக்நேம்’ என்பதன் ‘ந்’ பின்னால் ஒட்டிக்கொண்டது. கிரிக்கெட் ‘அம்பயர்’கூட இப்படி ‘ந்’ இழந்தவர்தான்! ஆரஞ்சுக்கும் ஒரு ‘ந்’ தொலைந்தது, ஆனால் அது ஆங்கிலத்துக்கு வருவதற்கு முன்பே ஐரோப்பாவில் எங்கோ. சமஸ்கிருதத்தில் ‘நாரங்க’ என்று இருந்தது. அதற்கும் அடியில் திராவிட வேர் இருக்கலாம் என்று சொல்லியல் அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். ஊறுகாய் ஜாடியில் இருக்கிற நாரத்தங்காயை ஒரு முறை எட்டிப் பாருங்கள்!

‘எ’யா ‘அன்’னா என்று குழப்பமா? தமிழ் படித்தவர்களுக்கு இதில் ஒரு சலுகை உண்டு. அடுத்த சொல்லை உச்சரிக்கிறபடியே தமிழில் எழுதிப் பாருங்கள். முதல் எழுத்து உயிரெழுத்தா? ‘அன்’. உயிர்மெய்யா? ‘எ’. யுனிவர்சிட்டி: ‘யு’ உயிர்மெய், அதனால் ‘எ’. யூரோப்பியன்: ‘யூ’, அதனால் ‘எ’. எம்.எல்.ஏ.: ‘எ’ உயிர், அதனால் ‘அன்’. எஃப்.ஐ.ஆர்., அதுவும் ‘அன்’. ஒரு மணி நேரத்தைக் குறிக்கும் சொல்லில் ‘ஹ’ ஒலிக்காது, ‘அவர்’ என்றுதான் காதில் விழும், ‘அன்’. ஓர் இடத்தில் மட்டும் உஷார்: எண் ‘ஒன்’. நாம் எழுதுவது ‘ஒன்’. ஆங்கிலேயர் வாயில் அது ‘வன்’. ஆகவே ‘எ ஒன்-ருப்பி நோட்’. தேர்வாளர்கள் விரும்பிக் கேட்கிற கேள்வி.

‘தி’ எங்கே போடுவது என்பது அதைவிடப் பெரிய தலைவலி. தமிழில் ‘தி’யே கிடையாது என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை! ‘புத்தகம் வாங்கினேன்’, ‘புத்தகத்தை வாங்கினேன்’. இரண்டும் ஒன்றா? முதலாவதில் ஏதோ ஒரு புத்தகம். இரண்டாவதில் உங்களுக்கும் எனக்கும் தெரிந்த அந்தப் புத்தகம். முதலாவது ‘எ புக்’, இரண்டாவது ‘தி புக்’! அஃறிணைப் பெயர் செயப்படுபொருளாக வருகிற இடங்களில், நம் ‘ஐ’ வேற்றுமை ‘தி’யின் வேலையில் பெரும் பங்கைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது. எழுவாய்க்கும் உயர்திணைக்கும் இந்த உரைகல் செல்லாது. செல்லுகிற இடத்தில் பயன்படுத்திக்கொள்ளலாமே?

இன்னொரு வேற்றுமை உருபோ காலை வாரிவிடும். வேலூரில், வீட்டில், மேசையில், பேருந்தில், பேனாவில். நமக்கு ஒரே ‘இல்’. ஆங்கிலத்தில் எண்ணுங்கள்: வேலூருக்கு ‘இன்’, வீட்டுக்கு ‘அட்’, மேசைக்கு ‘ஆன்’, பேருந்தில் போனதற்கு ‘பை’, பேனாவில் எழுதியதற்கு ‘வித்’! ஐந்து சொல் செய்கிற வேலையை ஒரு விகுதியால் முடித்துப் பழகிய நமக்கு, முன்னிடைச்சொல் கேள்விகள் கடினமாக இருப்பதில் என்ன ஆச்சரியம்? எதிர்ப்பக்கமும் உண்டு. ‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்று தமிழில் யோசித்தால் ‘டிஸ்கஸ்ட் அபவுட்’ என்று கை தானாக எழுதும். அங்கே ‘அபவுட்’ வரக்கூடாது. ‘சென்னைக்குப் போய்ச் சேர்ந்தோம்’ என்று யோசித்தால் ‘ரீச்ட் டூ சென்னை’. அங்கே ‘டூ’ கூடாது. ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ பற்றிச் சொல்லவே வேண்டாம், அது இந்தியா முழுக்கப் பரவிய வியாதி.

வினைச்சொல்லின் மூன்று வடிவங்களை அட்டவணை போட்டு உருப்போடுகிறோமே: கோ, வென்ட், கான். அந்த ‘வென்ட்’ உண்மையில் ‘கோ’வின் பிள்ளையே அல்ல! ‘வென்ட்’ என்பது ‘வெண்ட்’ என்கிற வேறொரு வினையின் இறந்த காலம். ‘கோ’ அதை நிரந்தரமாகக் கடன் வாங்கிக்கொண்டது. இப்படி ஒழுங்கில்லாத வினைகள் சாகின்றனவா, வாழ்கின்றனவா என்று ஹார்வர்டைச் சேர்ந்த எரெஸ் லீபர்மன் குழுவினர் கணக்குப் போட்டு 2007-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். பழைய ஆங்கிலத்திலிருந்து 177 ஒழுங்கற்ற வினைகளை எடுத்துக்கொண்டார்கள். இடைக்காலத்தில் அவற்றில் 145 மிச்சம். இன்றைக்கு 98! ‘ஹெல்ப்’புக்கு ஒரு காலத்தில் ‘ஹோல்ப்’ என்று இறந்த காலம் இருந்தது. இப்போது சமத்தாக ‘ஹெல்ப்ட்’. அதிகம் பேசப்படும் வினைதான் முரண்டு பிடித்து நிற்கும். நூறு மடங்கு குறைவாகப் புழங்கும் வினை பத்து மடங்கு வேகமாக ஒழுங்குக்கு வந்துவிடும் என்பது அவர்கள் கண்ட கணக்கு. ஆகவே நீங்கள் மனப்பாடம் செய்யும் பட்டியல், ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் வினைகளின் பட்டியலும்கூட. பாடுபட்டது வீண் போகாது.

காலங்கள் பன்னிரண்டு என்று கரும்பலகையில் கட்டம் போடுவார்கள். 2002-இல் வந்த ‘கேம்பிரிட்ஜ் கிராமர்’, 1,800 பக்கத்துக்கும் மேற்பட்ட பூதம், ஆங்கிலத்தில் எதிர்காலம் என்று ஒரு காலமே இல்லை என்கிறது! வினையின் வடிவம் மாறுவது நிகழ்காலத்துக்கும் இறந்தகாலத்துக்கும் மட்டும்தான். ‘வில்’ ஒரு துணைவினை. இதைத் தேர்வு அறையில் வாதாடாதீர்கள். பன்னிரண்டு கட்டமே அங்கே சோறு போடும்.

முன்னிடைச்சொல்லில் வாக்கியத்தை முடிக்கக்கூடாது என்று யாரோ சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1672-லேயே கவிஞர் டிரைடன் கிளப்பிவிட்ட சமாச்சாரம் இது. பிற்காலத்தில் லண்டன் பிஷப் ஆன ராபர்ட் லோத், 1762-இல் எழுதிய இலக்கணத்தில் இதைப் பற்றிப் பேசினார். பேசிய அந்த வாக்கியம் எதில் முடிகிறது தெரியுமா? ‘டூ’வில்!

ஒரு கால்புள்ளியின் விலை ஐம்பது லட்சம் டாலர். நம்ப முடிகிறதா? அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், எந்தெந்த வேலைகளுக்குக் கூடுதல் நேரச் சம்பளம் கிடையாது என்று சட்டம் ஒரு பட்டியல் போட்டிருந்தது. பட்டியலின் கடைசி ‘ஆர்’க்கு முன்னால் கால்புள்ளி இல்லை. பால் வண்டி ஓட்டுநர்கள் வழக்குப் போட்டார்கள். 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டவாசகம் தெளிவில்லை என்று அவர்கள் பக்கம் நின்றது. ஓக்ஹர்ஸ்ட் பால் நிறுவனம் 2018-இல் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது.

இனி பயிற்சிக்கு வருவோம். ஒரு பாடத்தை நாலு முறை படிப்பது நல்லதா? ஒரு முறை படித்துவிட்டு மூன்று முறை புத்தகத்தை மூடி, நினைவிலிருப்பதை எழுதிப் பார்ப்பது நல்லதா? ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நாலு முறை படித்தவர்கள்தான் முன்னணி. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தலைகீழ்! படித்துக்கொண்டே இருந்தவர்களிடம் சுமார் 40 சதவீதம் மிஞ்சியது, எழுதிப் பார்த்தவர்களிடம் சுமார் 61 சதவீதம். விதியை மஞ்சள் பேனாவால் கோடிடுவதில் எனக்கு எப்போதுமே நம்பிக்கை கிடையாது. இந்த முடிவைப் பார்த்ததும் ஓர் அற்ப சந்தோஷம்.

இலக்கணமே சொல்லிக்கொடுக்காமல் ஆங்கிலம் கற்பித்துப் பார்த்த ஊர்களில் நம் கடலூரும் ஒன்று, தெரியுமா? சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என்.எஸ். பிரபு 1979-இல் தொடங்கிய முயற்சி அது. 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர்ப் பள்ளிகளில் நடந்தது. விதி கிடையாது, பட்டியல் கிடையாது. ரயில் கால அட்டவணையைக் கொடுத்து ‘இந்த வண்டியைப் பிடித்தால் எத்தனை மணிக்குப் போய்ச் சேரலாம்?’ என்று கேட்பார்கள். வரைபடத்தைக் கொடுத்து வழி சொல்லச் சொல்வார்கள். மனம் கணக்கில் இருக்கும்போது மொழி தானாக உள்ளே இறங்கும் என்பது பிரபுவின் எண்ணம். ஆங்கிலம் கற்பித்தல் பற்றி உலகம் முழுக்கப் பேசுகிறவர்கள் இன்றும் இந்தத் திட்டத்தைக் குறிப்பிடுகிறார்கள். என் அபிப்பிராயம் கேட்டால், வினாத்தாளில் கட்டம் நிரப்ப ரென்னும் மார்ட்டினும் போதும். நீண்ட பத்தியைப் படித்துப் பதில் சொல்ல பிரபுவின் வழிதான் துணை. தினம் ஓர் ஆங்கிலத் தலையங்கமாவது படியுங்கள்.

வங்கித் தேர்வில் பத்தி நடுவே கோடிட்ட இடங்களை நிரப்பும் ‘க்ளோஸ் டெஸ்ட்’ இருக்கிறதே, அது மாணவர்களைச் சோதிக்கப் பிறந்ததே அல்ல! 1953-இல் அமெரிக்காவின் வில்சன் டெய்லர், பத்திரிகை எழுத்து வாசகருக்கு எளிதாகப் புரிகிறதா என்று அளக்கக் கண்டுபிடித்தது. இத்தனையாவது சொல் என்று வரிசையாக அடித்துவிட்டு வாசகரை நிரப்பச் சொன்னார். நன்றாக எழுதிய பத்தி என்றால் சுலபமாக நிரம்பும். அதாவது மதிப்பெண் எழுதியவருக்கு, நிரப்பியவருக்கு அல்ல!

நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முறையைப் பிரபலமாக்கியவர்களில் முன்னோடி கான்சஸைச் சேர்ந்த ஃபிரெடெரிக் கெல்லி. வாசிப்புத் திறனைச் சோதிக்க 1914-இல் உருவாக்கினார். பிற்பாடு ஒரு பல்கலைக்கழகத்துக்குத் தலைவரானபோது இந்த மாதிரிச் சோதனைகளுக்கு எதிராகப் பேசினார் என்பது தனிக்கதை. விடைத்தாளை இயந்திரம் திருத்துவதற்கு வழி கண்டவர் மிச்சிகனில் பள்ளி ஆசிரியராக இருந்த ரெனால்ட் ஜான்சன். பென்சில் கரி மின்சாரத்தைக் கடத்தும் என்பதுதான் சூட்சுமம்! ஐ.பி.எம். அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டது. 1938-இல் இயந்திரம் வந்தது. அதே ஜான்சன் குழுதான் 1956-இல் உலகின் முதல் ஹார்டு டிஸ்க்கையும் கொண்டுவந்தது.

சரி, தேர்வில் ஆங்கிலத்துக்கு எவ்வளவு எடை? அன்றைய இந்தியக் குடிமைப்பணியான ஐ.சி.எஸ். பதவிக்கு 1855-இல் லண்டனில் நடந்த முதல் திறந்த போட்டித் தேர்வில் ஆங்கிலக் கட்டுரை, இலக்கியம், வரலாறு சேர்த்து 1,500 மதிப்பெண், சமஸ்கிருதத்துக்கு 375. சத்யேந்திரநாத் தாகூர் 1863-இல் அதில் தேறினார், முதல் இந்தியராக. 1922-இல்தான் தேர்வு இந்திய மண்ணிலும் நடக்கத் தொடங்கியது. இன்றைய குடிமைப்பணி முதன்மைத் தேர்விலும் 300 மதிப்பெண்ணுக்கு ஓர் ஆங்கிலத் தாள் உண்டு. ஆனால் 75 எடுத்தால் போதும், தரவரிசையில் ஒரு மதிப்பெண்கூடச் சேராது! ரயில்வே என்.டி.பி.சி.யில் ஆங்கிலப் பகுதியே கிடையாது, தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். ஐ.பி.பி.எஸ். அதிகாரி முதல்நிலையிலோ 30 ஆங்கிலக் கேள்விக்கு 20 நிமிடம், கேள்விக்கு 40 நொடி. (வடிவங்கள் மாறும், அறிவிக்கையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.)

கடைசியாக, தெரியாத கேள்வியில் கண்ணை மூடி அடித்தால் என்ன ஆகும்? வங்கித் தேர்வில் ஐந்து விடை, தப்புக்குக் கால் மதிப்பெண் பிடித்தம். ஐந்து கேள்விக்கு அடித்தால் சராசரியாக ஒன்று சரி, நாலு தப்பு: ஒன்று வரும், ஒன்று போகும். பூஜ்யம்! எஸ்.எஸ்.சி. பட்டதாரித் தேர்வின் முதல் கட்டத்தில் நாலு விடை, சரிக்கு 2, தப்புக்கு அரை. நாலு கேள்விக்கு அடித்தால் இரண்டு வரும், ஒன்றரை போகும்; அரை மதிப்பெண் லாபம்! இரண்டாம் கட்டத்தில் சரிக்கு 3, தப்புக்கு 1, மறுபடி பூஜ்யம். இங்கேதான் இலக்கணம் காசாகிறது. எழுவாய் ஒருமை, ஆகவே இந்த விடை வராது என்று ஒன்றை மட்டும் வெட்ட முடிந்தால், மூன்று கேள்விக்கு 3 வரும், 2 போகும். விடை தெரியாமலேயே ஒரு மதிப்பெண்!

டி.என்.பி.எஸ்.சி. குரூப் தேர்வுகளில் தப்புக்குப் பிடித்தமே கிடையாது. ஆனால் வட்டத்தை வெறுமனே விட முடியாது. ‘விடை தெரியவில்லை’ என்று ஐந்தாவதாக ஒரு வட்டம் வைத்திருக்கிறார்கள், ஈ. ஈ-யைக் கருப்பாக்கினால் நிச்சயமாகப் பூஜ்யம். ஏ, பி, சி, டி-யில் எதையாவது கருப்பாக்கினால் கால் பங்கு வாய்ப்பு, நஷ்டம் இல்லை. அப்படியிருந்தும் ஈ-யைக் கருப்பாக்கிவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள், தெரியுமா?